எங்கள் ஊரின் மூலப்பத்திரங்கள் கோட்டைக்குள் வர வேண்டும்

பெறுநர்: தரங்கம்பாடிக் கோட்டையையும், மாநிலத்தின் பொது நூலகங்களையும், பழைய ஆவணங்களையும் தத்தம் பொறுப்பில் வைத்திருக்கும் உயர் அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

தரங்கம்பாடியில் நாங்கள் டேனிஷ் கோட்டை என்று சொல்லும் டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் ஓர் அறையைப் பொதுப் படிப்பகமாகவும் ஊர் ஆவணக் கூடமாகவும் ஒதுக்கித் தர வேண்டும் என்று, இவ்வூர்க்காரர்கள் நாற்பத்தொரு பேர் கையொப்பமிட்டு அனுப்பிய மனுவுக்குப் பதினான்கு மாதங்கள் கழித்து நான்கு வரியில் ஒரு பதில் வந்தது. கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் அதில் நூலகத்துக்கு இடமில்லை என்றும், கடலோரக் கட்டடம் ஆவணங்களுக்கு உகந்ததன்று என்றும், தரங்கம்பாடி தொடர்பான ஆவணங்களைப் பார்க்க விரும்புவோர் அவை உள்ள இடங்களை நேரில் அணுகிக் கொள்ளலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அனுப்பிய அலுவலகம் எது என்பது இங்கே முக்கியமில்லை. கையொப்பமிட்டவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அந்த மூன்றாவது வரியைத்தான் என்னால் பேசாமல் மடித்து வைக்க முடியவில்லை.

அவை உள்ள இடங்கள் எவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னேட்டில் பொறித்து அனுப்பிய தமிழ் மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. நாயக்கரின் இசைவோடு ஓவே ஜெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர் இங்கே கோட்டைக்கு அடிக்கல் இட்ட 1620 தொடங்கி, வங்காளத்தில் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் இவ்வூர் விற்கப்பட்ட 1845 வரை, டேனிஷ் வணிகக் கம்பெனிக்காரர்களும் ஆளுநர்களும் எழுதிய கணக்குகளிலும் கடிதங்களிலும் எஞ்சியவற்றின் பெரும்பகுதியும் அதே நகரத்து ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்த பாதிரிமார்களும் இங்கிருந்து எழுதி அனுப்பிய கடிதங்களும், அவர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்த ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையத்தில் இருக்கின்றன. ஆங்கிலேயர் கைக்கு வந்த டேனிஷ் ஆவணத் தொகுதிகள் சென்னை எழும்பூரில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவற்றுள் எங்களுக்கு மிக அருகில் இருப்பது எழும்பூர். அதற்கே ஓர் இரவு பேருந்தில் போக வேண்டும். வலை இழுத்துப் பிழைக்கும் ஒருவரோ, அவருடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ கோபன்ஹேகனை எப்படி நேரில் அணுகுவார்கள் என்று, அந்த வரியை எழுதும்போது யாராவது எண்ணிப் பார்த்தார்களா?

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மென்ட் என்று இந்த வட்டாரத்து மண் கைமாறியதை எழுதியே பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். எங்கள் தொழிலில் எந்த மனைக்கும் முதல் கேள்வி, மூலப்பத்திரம் எங்கே என்பதுதான். அது இல்லாத சொத்தின் பேரில் வங்கி கடன் தராது. வாங்க வந்தவர் முன்பணம் கொடுக்க மாட்டார். அது தொலைந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நாளிதழில் விளம்பரம் செய்து, தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று வாங்கி, அதற்குப் பிறகே அடுத்த வேலையைப் பார்க்க முடியும். இரண்டு சென்ட் மனைக்கு இத்தனை பார்க்கிற நாங்கள், ஒரு முழு ஊரின் மூலப்பத்திரங்கள் எங்கே, யாரிடம், எந்த மொழியில் இருக்கின்றன என்று ஒருவரிடமும் கேட்காமலே இருந்துவிட்டோம். அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இப்போது கேட்கிறேன்.

என்னைக் கேட்க வைத்தது ஒரு கைப்பேசிப் படம். டென்மார்க்கிலிருந்து வந்த வயதான தம்பதியர் ஒருநாள் ராஜ வீதியில் ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பி ஒரு வரைபடத்தைக் காட்டினார். 18ஆம் நூற்றாண்டில் வரைந்த எங்கள் ஊர். மதில், நகர வாயில், கோட்டை, கடலை நோக்கி ஓடும் தெருக்கள், தெருவுக்குத் தெரு மனைகள் என எல்லாம் அதில் இருந்தன. ராஜ வீதியும் ராணி வீதியும் அன்று கிடந்த வாக்கிலேயேதான் இன்றும் கிடக்கின்றன. அதே தெருக்களுக்கு, வடக்கே இன்னார் மனை, கிழக்கே பாதை என்று எத்தனையோ நூறு முறை நான்கெல்லை எழுதியவன் நான். அந்த வரைபடத்தை என் அறுபத்து மூன்றாம் வயதில், வெளிநாட்டார் ஒருவர் தயவில், உள்ளங்கை அகலத் திரையில் முதன்முதலாகப் பார்த்தேன். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன். இந்த ஊரில் பிறந்த ஒருவருக்கு இந்தப் படத்தைக் காட்ட இந்த ஊரில் ஓர் இடம் கிடையாது என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது; இன்னும் போகவில்லை.

கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை நாங்கள் மதிக்கிறோம். பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருள்கள், வாள், ஈட்டி, சுதைச் சிற்பங்கள், மரச் சாமான்கள், திமிங்கில எலும்பு எல்லாம் அங்கே உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் டேனிஷ் கையெழுத்துத் தாள்களும் உண்டு. ஆனால் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படிக்க வழியில்லை. பார்வையாளர் நடந்துகொண்டே பார்த்துவிட்டு வெளியேறும் இடம் அது. பொருளைப் பார்ப்பதும் ஆவணத்தைப் படிப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்கு ஒரு மேசையும் நாற்காலியும், எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலும், கேட்டால் எடுத்துத் தர ஓர் ஆளும் வேண்டும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த மீனவர் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊர் வரலாறு எழுதிவரச் சொன்னார்கள் என்று நோட்டோடு கோட்டைக்குப் போய், பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை எழுதிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். “தாத்தா, கோட்டையில கவர்னருங்க பேரு, ராஜா பேரெல்லாம் இருக்கு. நம்ம ஊரு ஆளுங்க பேரு ஒண்ணுகூட இல்லையே?” என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்காகத்தான் தேட ஆரம்பித்தேன். கிடைத்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்.

ஆவணங்களில் எங்கள் ஆட்களின் பெயர்கள் இருக்கின்றன. சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. எழுபது வயதான ஒரு தமிழாசிரியர் தம் பள்ளிக்கூடத்தையே அவருடைய வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி சீகன்பால்கு எழுத்துப் பழகினார். கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அழகப்பன் அவருக்குப் பேசக் கற்றுக் கொடுத்தார். கணபதி வாத்தியார் என்ற இளம் புலவரின் பெயரும் வருகிறது. இவர்களெல்லாம் இந்தத் தெருக்களில் நடந்தவர்கள். மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், 1708இல், தம்மிடம் சேர்ந்த தமிழ் நூல்கள் 119க்கு, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்ற குறிப்போடு சீகன்பால்கு ஒரு பட்டியல் எழுதினார். சுவடி தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பி வாங்கியும் படியெடுத்தும் சேர்த்தவை அவை. அதே ஆண்டு நவம்பரில், டேனிஷ் ஆளுநரோடு ஏற்பட்ட பிணக்கில், இதே கோட்டைக்குள் சிறை வைக்கப்பட்டு நான்கு மாதம் கழித்தே வெளியே வந்தார். ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713இல் இங்கே வந்து சேர்ந்தன. 1715இல் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை எழுந்தது. புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததும் அந்த ஆண்டில்தான். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் நூலகமும் நூற்பட்டியலும் அச்சகமும் காகித ஆலையும் இருந்த ஊர் இது. இந்த ஊரில் இன்று நூலகத்துக்கு இடமில்லை என்று ஒரு கடிதம் சொல்கிறது.

இன்னொன்றையும் உங்கள் முன் வைக்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது. 1712 முதல் 1714 வரை பாதிரிமார்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்தப் பகுதித் தமிழர்கள் எழுதிக் கொடுத்த பதில்கள் 99 கடிதங்களாகத் தொகுக்கப்பட்டன. தங்கள் சமயம், சடங்கு, கல்வி, குடும்பம், வேளாண்மை, வெள்ளைக்காரர்களைப் பற்றித் தாங்கள் நினைப்பது என்று பலவற்றையும் அவர்கள் எழுதினார்கள். அக்கடிதங்களின் தமிழ் மூலம் இன்று இல்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பே எஞ்சியிருக்கிறது. நம்மவர்கள் நம் மொழியில் சொன்னதை இன்று ஜெர்மன் வழியாகத்தான் கேட்க முடியும். அவர்கள் எழுதிய ஊரில், அதை ஜெர்மனிலிருந்து திரும்பத் தமிழாக்கி ஒரு பிள்ளை கையில் கொடுக்க ஓர் அலமாரிகூட இல்லை. மூலம் போய்விட்ட சொத்துக்கு, கிடைத்த நகலையாவது பத்திரமாக வைத்துக்கொள் என்று என் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி வந்தேன். அதையேதான் உங்களிடமும் சொல்கிறேன்.

நகலின் அருமையை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் குடியிருப்புகளுக்குள் புகுந்து திரும்பியபோது, உயிரோடு மிஞ்சியவர்கள் ஒரு வாரம் கழித்து என் மேசைக்கு வர ஆரம்பித்தார்கள். வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் சேற்றோடு போயிருந்தன. ஒரு பெண், தன் கணவர் பெயரில் இருந்த பத்திரத்தின் எண் தெரியாமல், அந்த வருடம் பெரிய மழை பெய்தது என்பதை மட்டும் சொன்னார். அந்த மழையை வைத்து ஆண்டைக் கணித்து, பதிவேட்டில் தேடி, நகல் மனு எழுதி வாங்கிக் கொடுத்தோம். அந்த மூன்று மாதம் நான் யாரிடமும் எழுத்துக்கூலி வாங்கவில்லை. அன்று எங்கள் ஆட்களின் வீடு அவர்களுடையதுதான் என்று சொல்ல முடிந்ததற்கு ஒரே காரணம், அந்தத் தாள்களின் நகல் வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்ததுதான். கடலோரத்தில் ஆவணம் வைப்பது உகந்ததன்று என்ற உங்கள் வரியைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

அந்த எதிர்வாதம் தவறு என்று நான் சொல்லவில்லை. உப்புக் காற்று என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். என் தட்டச்சுப் பொறியின் கம்பிகள் மூன்று மழைக்காலத்தைத் தாண்டித் தாங்கியதே கிடையாது. மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் கடற்பக்கத்துப் பகுதிகளைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. ஆனால் அதன் கல்வெட்டைப் படித்து எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் இவ்வூருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் இருந்தது இன்று எங்களுக்குத் தெரிகிறது. நாங்கள் கேட்பதும் அத்தகைய நகல்தான். பொன்னேட்டையோ சுவடியையோ கப்பலேற்றிக் கொண்டுவந்து எங்கள் ஈரக் காற்றில் வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. மூலங்கள் இருக்கும் இடத்தில் நன்றாக இருக்கட்டும். அவற்றின் படங்களும், படங்களிலிருந்து அச்சிட்டுக் கட்டிய தொகுதிகளும், தமிழில் எழுதிய விவரப் பட்டியலும் இங்கே வர வேண்டும். ஓர் அச்சுத் தொகுதி பூஞ்சை பிடித்தால் மறுபடியும் அச்சிட்டுக்கொள்ளலாம். படங்களின் முதற்கோப்பை மயிலாடுதுறையிலோ சென்னையிலோ வைத்துக்கொண்டு, கோட்டையில் பார்க்கும் திரையை மட்டும் வைத்தால், காற்று அரித்தாலும் போவது ஒரு திரை மட்டும்தான்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற வாதத்துக்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் பழஞ்சின்னத்தை இடிக்காமலும் சிதைக்காமலும் காப்பதற்காக இயற்றப்பட்டது. அதை நாங்களும் காக்கவே விரும்புகிறோம். ஆனால் அதே கட்டடத்தில்தான் அருங்காட்சியகம் நடக்கிறது. அதற்கு முன்பு, 1970களின் பிற்பகுதி வரையில், அது அரசு அலுவலர்கள் வந்து தங்கிப்போகும் மாளிகையாக இருந்தது. கட்டில் போட்டு உறங்க இடம் தந்த மேல்தளத்தில், நாற்காலி போட்டுப் படிக்க இடமில்லை என்பதை எப்படி ஏற்றுக்கொள்வது? சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், சிமென்ட் பூச வேண்டாம். 2000களின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த தன்னார்வலர்களின் உதவியோடு இக்கோட்டை பழுதுபார்க்கப்பட்டபோது, சுண்ணாம்புச் சாந்து ஏன் வேண்டும், சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே தங்கிச் செங்கல்லை எப்படித் தின்னும் என்பதை எங்கள் ஊர்க் கொத்தனார்கள் கற்றுக்கொண்டார்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, வேண்டும்போது நகர்த்தக்கூடிய மர அலமாரிகள் போதும். கடற்பக்கத்து இரண்டடுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளக் கிடங்குகளை நாங்கள் கேட்கவில்லை. அங்கே ஈரம் அதிகம். மேல்தளத்தில் ஒரே ஓர் அறை கேட்கிறோம்.

அரசு நினைத்தால் இது முடியாத காரியமன்று. எங்களுக்குப் பக்கத்திலேயே தில்லையாடியில், தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் உயிர்விட்ட வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் எழுப்பியபோது, 1971இல், பொது நூலகத்தையும் அதனோடு சேர்த்தே அமைத்தார்கள். நினைவிடமும் படிப்பகமும் ஒன்றாக இருக்கலாம் என்று அரசே அன்று முடிவு செய்திருக்கிறது. கோட்டையும் ஆவணமும் ஒன்றுக்கொன்று அந்நியமும் அல்ல. 1909இல் எழும்பூரில் தனிக் கட்டடம் எழும் வரையில், சென்னை மாகாணத்தின் ஆவணங்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்தான் இருந்தன, அதுவும் கடற்கரைக் கோட்டைதான். கோபன்ஹேகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்மார்க் தன் கரீபியன் தீவுகளை 1917இல் அமெரிக்காவிடம் விற்றது. அந்த விற்பனையின் நூற்றாண்டான 2017இல், அத்தீவுகள் தொடர்பான ஆவணங்களில் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைப் படமெடுத்து, எவரும் கட்டணமில்லாமல் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். விற்கப்பட்ட தீவின் மக்களுக்குச் செய்ததை விற்கப்பட்ட ஊரின் மக்களுக்கும் செய்வீர்களா என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதம் என்னைப் போன்ற தனி ஆளிடமிருந்து போனால் மதிப்பிராது, அரசிடமிருந்து போக வேண்டும்.

பணமில்லை என்றும் சொல்ல வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, நாங்கள் கட்டும் வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசா நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. ஓலைக் குடிசை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மாடி வீடாகிய நாளெல்லாம் கட்டி வந்திருக்கிறோம். இலவசமாகக் கேட்கவில்லை.

கடலுக்கு அப்பால் இருப்பவற்றை மட்டும் சொல்லி முடித்தால் பாதியைத்தான் சொன்னவனாவேன். ஊருக்குள் இருப்பவையும் போய்க்கொண்டிருக்கின்றன. பள்ளிவாசல் தெருப் பக்கம் ஒரு பழைய மரைக்காயர் வீடு கைமாறியபோது கிரயப்பத்திரம் நான்தான் எழுதினேன். மூலப்பத்திரத்தைத் தேடி எடுத்த மரப்பெட்டிக்குள், கப்பல் சரக்குக் கணக்கு நோட்டுகளும், பினாங்கிலிருந்து வந்த கடிதக் கட்டுகளும், அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதிய சிறு ஏடும் இருந்ததைப் பார்த்தேன். பதிவு முடிந்து நான்காம் நாள், அவற்றை எங்காவது ஒப்படைக்கலாமா என்று கேட்கப் போனேன். வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர் கடைக்குக் கிலோ எட்டு ரூபாய்க்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கடைக்கு ஓடினேன், லாரி ஏறிவிட்டது. அந்தக் குடும்பத்தின் மேல் குற்றமில்லை. எங்கே கொடுப்பது என்று அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால், சொல்வதற்கு எனக்கும் ஓர் இடம் தெரியாது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய நோட்டுகள், படகுக் கடன் சீட்டுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், சுனாமிக்கு முந்தைய கடற்கரையைக் காட்டும் கல்யாணப் புகைப்படங்கள், எல்லாம் இப்படித்தான் ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. டேனிஷ்காரர்களின் காலத்தை எழுத அவர்களுடைய காகிதம் இருக்கிறது. எங்கள் காலத்தை நாளைக்கு யாராவது எழுத வேண்டுமானால், அதற்கான காகிதம் இந்தப் பரண்களில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். கோட்டையின் மேல்தளத்தில் ஓர் அறையை, கட்டடத்துக்கு ஊறில்லாத நிபந்தனைகளை நீங்களே எழுதி, படிப்பகமாகவும் ஆவணக் கூடமாகவும் ஒதுக்குங்கள். அந்த அறைக்கு வருபவர்கள் அருங்காட்சியக நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்று ஆணையிடுங்கள். பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் வர முடிகிற நேரம் வரை அது திறந்திருக்கட்டும். கோபன்ஹேகன், ஹாலே, எழும்பூர் ஆகிய மூன்று இடங்களுக்கும் அரசின் பெயரில் எழுதி, தரங்கம்பாடி தொடர்பான ஆவணங்களின் படங்களைப் பெற்றுத் தாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக 18ஆம் நூற்றாண்டு நகர வரைபடத்தையும், நாயக்கரின் பொன்னேட்டு மடலின் படத்தையும், 1708ஆம் ஆண்டின் நூற்பட்டியலையும், அந்த 99 கடிதங்களையும் கேட்டு வாங்குங்கள். படங்கள் வந்து குவிந்தால் மட்டும் போதாது. எந்தத் தொகுதியில் எந்த ஆண்டு, எவரைப் பற்றி, என்ன இருக்கிறது என்ற விவரப் பட்டியல் தமிழில் வேண்டும். அதற்கு, பழைய டேனிஷ், ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தரங்கம்பாடி வட்டத்துப் பிள்ளைகள் இருவரையாவது தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து அதைக் கற்க அனுப்புங்கள். கற்றுத் திரும்பியவர்களுக்கு அந்த அறையிலேயே நிரந்தரப் பணி கொடுங்கள். ஊர் வீடுகளில் இருக்கும் காகிதங்களைப் படமெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்து, ரசீது தருகிற ஓர் ஏற்பாட்டை இவ்வாண்டு மழைக்கு முன்பாகவே தொடங்குங்கள். அறை தயாராகும் வரை அது காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வருடி இயந்திரமும் ஓர் ஆளும் போதும், உட்கார என் வீட்டுத் திண்ணையைத் தருகிறேன்.

எங்கள் மனுவுக்கு வந்த பதிலை மறுபரிசீலனை செய்து, தேதியும் எண்ணும் கையொப்பமும் இட்ட புதிய பதிலை 60 நாட்களுக்குள் தர வேண்டும் எனக் கோருகிறேன். இயலாது என்பதே முடிவானால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதைத் தடுக்கிறது என்பதை அதில் குறிப்பிடுங்கள். பதிலின் நகல் ஒன்றைக் கோட்டை வாசலிலும் ஒட்டச் செய்யுங்கள். அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மனுவில் நாற்பத்தொன்றாவது கையொப்பம் அவளுடையது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்.